மழை படாத பாத்திகள்

பம்பாயில் மான்குர்த் ஸ்டேஷனைத் தாண்டியதும் தண்டவாளத்துக்கும் கழிமுகச் சேற்றுக்கும் நடுவே ஒரு பச்சைப் பட்டை ஓடும். ரயிலில் போகிறவர்கள் இந்த ஊரில் இவ்வளவு கீரையா என்று ஒரு நிமிடம் பார்ப்பார்கள், பிறகு கைபேசிக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தப் பட்டையில் ஆறு நீளப் பாத்திகள் என் அக்காவின் கணவரிடம், அதாவது அத்தானிடம் இருந்தன. நிலம் அவருடையதில்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மராட்டியப் பெரியவர் பெயரில் இருந்தது. அவரைக் காகா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். விளைச்சலில் ஒரு பங்கு காகாவுக்கு, மீதி அத்தானுக்கு என்பது வாய்ப்பேச்சு ஒப்பந்தம்.

ஊரடங்கு முடிந்து ரயில்கள் பழையபடி ஓடத் தொடங்கிய மறு வருடம், ஹோலி கழிந்த வாரத்தில் காகா வந்து பாத்திகளைப் பார்த்தார். தீபாவளிக்குள் நிலம் பச்சையாகாவிட்டால் பக்கத்து நிலத்துக்காரரிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து நிலம் உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒருவருடையது. அவரை பையா என்போம். நடுவில் இருந்தது ஒரு சாண் வரப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் வெந்தயக்கீரை முழங்கால் உயரத்துக்கு நின்றது. இந்தப் பக்கம் சொட்டை விழுந்த தலை மாதிரி அங்கங்கே நாலு செடி.

நான் செம்பூரில் இருக்கிறேன். மான்குர்த் எனக்கு இரண்டாவது ஸ்டேஷன். கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், கையில் நேரம் இருந்தது. காகா சொன்னதை அக்கா தொலைபேசியில் சொன்னபோது அழவில்லை. கூடையைப் பற்றித்தான் பேசினாள். விடியற்காலை ரயிலின் லக்கேஜ் டப்பாவில் ஏறி வடாலாவில் வண்டி மாறி, கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கடைகளுக்குப் பக்கத்தில் அவள் உட்காரும் இடம் அவள் பிள்ளைகளின் வயதைவிடப் பழையது. முளைக்கீரையும் அரைக்கீரையும் வேண்டும் என்கிற தமிழ் வீடுகள் அவளைத் தேடி வரும். "ஒரு வாரம் கூடை காலியா இருந்தா பரவால்ல தம்பி. ஒரு மாசம் இருந்தா வேற ஆளு வந்து உக்காந்துருவா" என்றாள். நிலம் போனால் கூடை போகும், கூடை போனால் இடம் போகும். அவளுக்கு விஷயம் அவ்வளவுதான்.

மண் எப்படிக் கெட்டது என்பதைச் சொல்ல அத்தானின் எருப்போடும் முறையைச் சொல்ல வேண்டும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் தென்னைக்கு உப்பு வைப்பது வழக்கம். தூரைச் சுற்றி வட்டமாகத் தோண்டி, கல்லுப்பும் விற்காத கருவாடும் போட்டு மூடுவார்கள். தென்னை அதைத் தாங்கும், காயும் பிடிக்கும். அத்தான் சிறுவயதில் பார்த்த விவசாயம் அதுதான். தாராவியில் எங்கள் பழைய சந்தில் கருவாடு விற்கும் ஓர் அம்மாள், உதிர்ந்த தலை, செதில், துண்டு, சாக்கின் அடியில் தங்கிய உப்பு எல்லாவற்றையும் கூட்டி வைத்திருப்பார். அத்தான் போய் மூட்டை கட்டிக்கொண்டு வருவார். அந்த மூட்டையோடு அவர் லக்கேஜ் டப்பாவில் ஏறினால் மீன்காரிகளே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள் என்று அக்கா சொல்வாள். கருவாட்டோடு தபேலாவிலிருந்து, அதாவது எருமைத் தொழுவத்திலிருந்து, சாணமும் சேரும். அதற்கு மேல், அறுப்புக்குச் சில நாள் முன்பு இலை கருகருவென்று தெரிய யூரியாவும் தூவுவார்.

தென்னை நின்ற தேரி மணலில் உப்பு நிற்காது. இது கழிமுகத்துக் களிமண். பாய்ச்சுகிற குழித் தண்ணீரே கோடையில் கரிக்கும். உப்பு தலைக்கு மேல் போன முதல் வருடம் கொத்தமல்லி முளைக்கவில்லை. மறு வருடம் வெந்தயக்கீரை இரண்டு இலை விட்டு ஓரம் தீய்ந்தது. அதற்கடுத்து முளைக்கீரை குட்டையாக நின்றது. பாலக் மட்டும் வந்தது. பாலக் உப்பைக் கொஞ்சம் தாங்குகிற பயிர் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அத்தான் தன் கண்ணால் பார்த்து வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். இந்த மண்ணுக்கு பாலக்தான் பிடிக்கும் என்பது அவர் முடிவு.

சித்திரை வெயிலில் ஒருநாள் போனபோது பாத்தியின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் சுரண்டிக் காட்டி இது என்ன என்று கேட்டேன்.

"போட்ட யூரியா மேல வந்து நிக்கி மாப்ளே. மண்ணுக்குச் சத்து நெறைஞ்சி வழியிது" என்றார். முகத்தில் பெருமை இருந்தது. விளையாத நிலத்தில் நின்றுகொண்டு ஒரு மனிதர் சத்து வழிகிறது என்கிறார். நாக்கில் வைத்துப் பாருங்கள் என்றேன். சிரித்தார்.

ஆறு பாத்தியிலும் மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, மண் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அறிக்கை அக்ஷய திருதியைக்கு முன்பே வந்துவிட்டது. அங்கிருந்த இளம் அதிகாரி பொறுமையாக விளக்கினார். பயிருக்கு வேண்டிய சத்து இருக்கிறது, மணிச்சத்து தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் உப்பு மிஞ்சிப் போனதால் வேருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஈர மண்ணிலேயே செடி தாகத்தில் வாடுகிறது. வருகிற மழைக்கு முன் எதுவும் போட வேண்டாம். பாத்தியைத் திறந்து வைத்து, வரப்பை ஒரு முனையில் உடைத்து, வடிகால் வெட்டி விட்டால் போதும். மழை உப்பைக் கரைத்து இறக்கி வெளியே கொண்டுபோய்விடும். இந்த ஊர் மழைக்கு ஒரு பருவம் தாராளம் என்றார்.

அன்று திரும்பி வரும்போது எனக்கு இருந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. செலவில்லாத வைத்தியம். கேட்காமலே வானத்திலிருந்து வந்து இறங்கப்போகிறது. அத்தான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது. அது எவ்வளவு கடினம் என்று நான் யோசிக்கவில்லை.

"ஒண்ணும் போடாம வெள்ளாமையா? பச்சப்புள்ளைக்குப் பாலு குடுக்காதன்னு எந்த டாக்டராவது சொல்லுவானா?"

"வயிறு ஊதிக் கெடந்தா சொல்லுவாக அத்தான்."

"நீ எத்தனை புள்ள வளத்திருக்க?" என்றார். எனக்குக் குழந்தைகள் இல்லை. அவர் மனதில் கெட்ட எண்ணமில்லை, வாயில் வந்ததைச் சொன்னார். அக்காதான் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்குப் பேச்சு அதோடு நின்றது.

பம்பாயில் மே கடைசியில் எல்லாக் கடைகளிலும் நீலத் தார்ப்பாய் தொங்கும். கூரைக்கு, கடை முகப்புக்கு, டெம்போவுக்கு, கட்டி முடிக்காத மாடிக்கு என்று ஊரே அதை வாங்கிப் போர்த்திக்கொள்ளும். தாராவியில் வளர்ந்தவர்களுக்கு மழை என்றால் உள்ளே விடக்கூடாத ஒன்று. மழைக்கு முன் தார்ப்பாய் கட்டாத வீட்டைப் பார்த்தால் அந்த வீட்டுக்காரன் பொறுப்பில்லாதவன் என்று அர்த்தம். அத்தான் அந்த வருடமும் வழக்கப்படி கருவாடும் சாணமும் போட்டுக் கொத்தி, ஆறு பாத்தியையும் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் செங்கல் அடுக்கியிருந்தார். சத்து கரைந்து ஓடிவிடக்கூடாதாம்.

ஜூன் தொடக்கத்தில், மிருக நட்சத்திரத்து முதல் மழையில் குடையோடு போய் நின்றேன். தார்ப்பாயின் மேல் தண்ணீர் குளமாக நின்று, வழிந்து, பக்கத்து வாய்க்காலில் போய்ச் சேர்ந்தது. ஒரு சொட்டு மண்ணுக்குள் போகவில்லை. இந்த ஊரில் நாலு மாதம் கொட்டுகிற மழையில் உப்பைக் கழுவ வேண்டிய ஆறு பாத்தியையும் தேடித் தேடி உலர்வாக வைத்திருந்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் பையாவின் நிலம் திறந்து கிடந்தது. அவர் ஆண்டுதோறும் மழைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விடுவார், கணபதி முடிந்துதான் திரும்புவார். வரப்பு எங்கே உடைந்தது என்று பார்க்கக்கூட அங்கே ஆள் இல்லை. தண்ணீர் இஷ்டத்துக்குப் புகுந்து இஷ்டத்துக்கு வெளியேறியது.

அந்த நிலத்தைக் காட்டினேன். அத்தானுக்குக் கோபம் வந்தது. "மழை வந்தா ஊருக்கு ஓடுதவனைக் காட்டி எனக்குப் பாடம் சொல்லுதியே. நா நாலு மாசமும் நனைஞ்சிக்கிட்டு இங்கன காவல் கெடக்கேன்" என்றார். அது உண்மை. அவர் சொன்னதில் இன்னொன்றும் உண்மை: யூரியா மழையில் கரைந்து ஓடத்தான் செய்யும். பாதி சரியாகச் சொல்கிற மனிதரோடு வாதம் செய்வதைப் போல் அலுப்பூட்டும் வேலை வேறில்லை. சரியான பாதியைப் பிடித்துக்கொண்டு அவர் நகரவே மாட்டார்.

அக்காவைத் தனியாகப் பிடித்தேன். நீயாவது சொல் என்றேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல், "நீ படிச்சதும் சரியாத்தான் இருக்கும். அவுகளும் சும்மா கெடக்கல. எனக்குத் தீவாளிக்குக் கூடையில கீரை வேணும் தம்பி. அது எப்படி வந்தா என்ன" என்றாள்.

ஆஷாட ஏகாதசியை ஒட்டி அடித்த காற்றில் ஆறாவது பாத்தியின் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறந்தது. ஏகாதசிக்கு முந்தின நாளா அன்றேயா என்று அக்காவும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பாத்திதான் தண்டவாளத்துக்கு மிக அருகில் இருப்பது. தார்ப்பாய் பறந்து தண்டவாளத்தில் விழ, ரயில்வே ஆட்கள் வந்து அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். மேலே கம்பியில் சிக்கியிருந்தால் என்ன ஆகும் என்று சத்தம் போட்டார்கள். இந்த ஓரத்தில் இனி எதையும் மூடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதே வாரம் அந்தப் பாத்தியின் வரப்பும் ஒரு முனையில் கரைந்து வடிகாலில் கலந்தது. ஆய்வுக்கூடத்தில் சொன்னது அத்தனையும் ஆறாவது பாத்திக்குத் தானாக நடந்தது.

இனிப் பாத்தியே பேசும் என்று நினைத்தேன். அறிக்கையை நம்பாதவர் கண்ணெதிரே முளைப்பதை நம்பாமல் என்ன செய்வார்?

அத்தானுக்கோ அந்தப் பாத்தியைப் பார்க்கவே பொறுக்கவில்லை. மழை எல்லாச் சத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது என்று ஆவணி மழையிலேயே அரை மூட்டைக் கருவாடு கொண்டுவந்து அதில் மட்டும் இரண்டாம் தடவை போட்டார். மழை அதற்குப் பிறகும் விடாமல் பெய்தது. உப்பு கரைந்து ஓடியது, மீன் மட்கி மண்ணில் தங்கியது. இதை அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்.

கணபதி கரைத்த பிறகு தார்ப்பாய்களை எடுத்துவிட்டு ஆறிலும் விதைத்தார். நவராத்திரிக்குள் ஆறாவது பாத்தியில் கொத்தமல்லி நெருக்கமாக எழுந்தது, வெந்தயக்கீரை ஓரம் கருகாமல் வந்தது. மற்ற ஐந்தும் பழையபடி சொட்டை. அஷ்டமி அன்று காலையில் போனேன். அத்தான் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து ஆறாவது பாத்திக்கு இழுத்துக்கொண்டு போனார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா மாப்ளே. ரெண்டு தடவை கருவாடு போட்ட பாத்தி. மத்ததுக்கு ஒரு தடவைதான போட்டேன்" என்றார்.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். தார்ப்பாய் பறந்ததிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்த வாரம் என்ன நடந்தது, அப்போது எந்தப் பாத்தி திறந்திருந்தது, எது மூடியிருந்தது, எல்லாம். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு களைப்பு வந்திருக்காது. முடிவில், "அப்பம் மழையும் நல்லது, கருவாடும் நல்லது. ரெண்டும் நல்லதுதான. பெறகு நாம என்னத்துக்குச் சும்மா காலி பீலி சண்ட போடுதோம்?" என்றார். மழை நின்றுவிட்டது, இனிப் போடுகிற உப்பைக் கழுவ ஆளில்லை என்றேன். தலையை ஆட்டினார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார்.

மறுநாள் நேராகத் தாராவிக்குப் போனேன். கருவாட்டு அம்மாளிடம், அத்தான் வந்தால் தீபாவளி வரைக்கும் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாயிருக்கே. அவுக வந்து அள்ளிட்டுப் போறதுனாலதான் எங்கட எடம் சுத்தமா கெடக்கு. நீங்க ஆபீஸ்ல இருந்தவுக. குப்பை அள்ளுத கச்சரா வண்டி இந்தச் சந்துக்குள்ள என்னைக்கி வருதுன்னு சொல்லுங்க, நா குடுக்கல" என்றார். முந்தின நாள் சாயங்காலமே அத்தான் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். நான் வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பொட்டலம் நெத்திலியைக் கட்டிக் கொடுத்தார். எத்தனை சொல்லியும் அதற்கு விலை வாங்கவில்லை.

ஐந்து பாத்தியிலும் மூட்டை பிரிந்தது. குழித் தண்ணீரும் பாய்ந்தது. ஒரு வாரத்தில் அங்கங்கே நின்ற முளைக்கீரையும் வெள்ளை மண்ணோடு படுத்துவிட்டது. அத்தான் அப்போதும் கலங்கவில்லை. எரு சூடாக இருக்கிறது, ஆறினால் எழும் என்றார். அக்கா மட்டும் தினமும் சாயங்காலம் பாத்தி ஓரமாக வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். கூடையில் அந்த நாட்களில் ஆறாவது பாத்திக் கொத்தமல்லியும் வெளியில் வாங்கிய எலுமிச்சையும்தான் இருந்தன.

தீபாவளியின் முதல் நாளான வசுபாரஸ் அன்று காகா வந்தார். அவரும் அவசரப்படவில்லை. முதல் பாத்தியிலிருந்து ஆறாவது வரை மெதுவாக நடந்தார், திரும்பியும் நடந்தார். ஐந்து பாத்தியைப் பையாவிடம் கொடுக்கிறேன், ஆறாவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். ஆறாவதில் பங்கு வேண்டாம் என்றும் சொன்னார். கோபம் இருந்திருந்தால் அத்தான் சண்டை போட்டிருப்பார். காகாவின் குரலில் இரக்கம் இருந்தது. அத்தான் சரி காகா என்றார்.

நான் செய்ததெல்லாம் என்ன ஆயிற்று என்று அன்று ரயிலில் யோசித்தேன். நான் சொன்னது சரி என்று நிரூபணம் ஆகிவிட்டது. ஒரு பாத்திக்கு ஒரு விதி, ஐந்து பாத்திக்கு வேறு விதி என்று யாரோ எனக்காகவே சோதனை நடத்திக் காட்டியது போல் நிரூபணம் ஆகிவிட்டது. அதனால் ஒரு கட்டுக் கீரைக்குக்கூட வழி பிறக்கவில்லை.

பையா அந்த ஐந்து பாத்தியை அந்தக் குளிர்காலம் தொடவே இல்லை. தன் நிலத்தைப் பார்க்கவே அவருக்கு நேரம் போதவில்லை. அக்கா முதல் வாரமே வரப்பைத் தாண்டிப் போய் அவரிடம் பேசிவிட்டாள். அவருடைய கீரையை வயலிலேயே மொத்தமாக வாங்கி, அவளே கட்டி, மாட்டுங்காவுக்குக் கொண்டுபோனாள். முன்பு தன் பங்காக நின்றது இப்போது கட்டுக்குச் சிறு லாபமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் இடம் போகவில்லை. மறு வருடம் மழை வந்ததும் பையா வழக்கம்போல் ஊருக்குப் போனார். ஐந்து பாத்தியும் நாலு மாதம் அநாதையாகத் திறந்து கிடந்தன. மார்கழி பிறந்தபோது அவற்றில் முளைக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு நின்றன.

பொங்கலுக்கு முன் ஒருநாள் மாட்டுங்காவில் அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வழக்கமாக வாங்கும் ஒரு மாமி கட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இந்த வருஷம் உங்க கீரை ரொம்ப நன்னா இருக்கே. முந்தியெல்லாம் ஏன் அப்படி இருந்தது?" என்றார்.

"அப்பம் மண்ணுக்கு மேலுக்குச் சொகமில்ல மாமி. இப்பம் தேறிட்டு" என்றாள் அக்கா, சில்லறையைக் கொடுத்தபடியே.

அன்று சாயங்காலம் மான்குர்த்தில் இறங்கி அத்தானைப் பார்க்கப் போனேன். அவர் தன் ஒற்றைப் பாத்தியில் களை எடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்து ஐந்து பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். பன்வெல் வண்டி ஒன்று சத்தத்தோடு கடந்து போனது. பிறகு, பையாவோடு நான் நன்றாகப் பேசுகிறேனே, அவன் அதில் என்ன போட்டான் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றார்.

"கேட்டேன் அத்தான். விசேஷமா ஒண்ணும் போடலையாம். மழைக்கு ஊருக்குப் போயிட்டு வந்து, கொத்தி, தபேலாச் சாணி கொஞ்சம் போட்டு வெதைச்சாராம். அவ்வளவுதான்."

அத்தான் ஒரு மண்கட்டியை எடுத்து விரல்களுக்கு நடுவில் உடைத்தார்.

"உங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கானா" என்றார்.